தலைப்பிரசவம்: கூட்டிப்போக வேண்டியது பிறந்த வீடா, புகுந்த வீடா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன் தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் இல்லையா. தங்கைக்கு 19 வயது. கல்யாணமாகி எட்டு மாதம், இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பிறந்த ஊர் அரூர் பக்கம், புகுந்த வீடு ஓசூரைத் தாண்டி ஒரு கிராமம். இதுவரை இரண்டே தடவைதான் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள். மாமியார், "நான் நாலு பெத்தேன், ஒரு ஸ்கேன் எடுத்தேனா?" என்கிறார். எல்லாம் இலவசம், ஆரம்ப சுகாதார நிலையம் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது, அப்புறமும் ஏன் இளம்வயதுப் பெண்களுக்கு இந்த நிலைமை, அண்ணனாக நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்து, சமுதாய சுகாதார செவிலியராக ஓய்வு பெற்றவள். முப்பது வருஷத்துக்கு மேல் கர்ப்பிணிகளின் பெயரை நோட்டில் எழுதியே கை தேய்ந்தது. நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. வீட்டுப் பிரசவம் ஒழிந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில், முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவையாவது பரிசோதனைக்குப் போனவர்கள் 77 சதவீதம்தான். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அதாவது வலி கண்டால் வண்டியைக் கூப்பிட்டு ஓடுகிறோம், அதற்கு முன்னாடி இருக்கிற ஒன்பது மாதத்தில்தான் கோட்டை விடுகிறோம். உங்கள் தங்கை நிற்பதும் அந்த இடத்தில்தான்.

சரி, ஏன்? "விழிப்புணர்வு இல்லை" என்று மீட்டிங்கில் சொல்வார்கள். நானும் மைக் பிடித்து அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்து, கர்ப்பமானால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெரியாத பெண் இன்றைக்கு எந்த ஊரிலும் இல்லை. தெரியாதது ஒன்றுதான்: யார் கூட்டிப்போவது?

நம் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டு, பெண்ணை அழைத்துப்போய், பிரசவம் பார்த்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கொண்டுவந்து விடுவார்கள். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் வளைகாப்புக்கு முந்தைய மாதங்கள் யாருடையவை? மாமியார் வீட்டில், "அதான் அவங்க அம்மா வீட்டுல பாத்துக்குவாங்களே, இப்ப என்ன அவசரம்" என்பார்கள். பிறந்த வீட்டில், "கட்டிக் கொடுத்தாச்சு, அவங்க குடும்பத்துல நாம மூக்கை நுழைக்கக் கூடாது" என்பார்கள். ரெண்டு வீட்டாரும் கெட்டவர்கள் இல்லை. ரெண்டு வீட்டாரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிப் பக்கமும் இதே கதை. ஓசூர்ப் பக்கத்து செவிலியர் நோட்டில், "பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார்" என்று எழுதியிருக்கும். அரூர்ப் பக்கத்து செவிலியருக்கு அந்தப் பெண் வந்ததே தெரியாது, வலி கண்ட பிறகுதான் தெரியும். பழைய கார்டு மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும். எட்டாம் மாதத்தில் என்னிடம் வந்து நிற்கிற பெண்ணிடம், "கார்டு எங்கம்மா?" என்றால், "அங்கயே வச்சிட்டு வந்துட்டேங்க" என்பாள். அவளுடைய ரத்த அழுத்தம் மூன்றாம் மாதத்தில் எவ்வளவு, ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின்) எவ்வளவு, என்ன ஊசி போட்டார்கள், எதுவும் கையில் இருக்காது. புதுசாக ஆரம்பிக்க வேண்டும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் வந்தது. பிக்மி என்கிற அரசின் கர்ப்பிணிகள் கணினிப் பதிவில் அந்த எண்ணைப் போட்டால் எந்த ஊரிலும் அவளுடைய விவரம் வர வேண்டும். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பதிவு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறவர்களுக்கும் உண்டு. ஆனால் பதியும்போது கொடுப்பது யாருடைய செல்போன் எண்? பெரும்பாலும் கணவருடையது. அவர் கம்பெனியில் ஷிப்டில் இருப்பார். கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள் செவ்வாய்க்கிழமை. "அடுத்த செவ்வாய்க்கிழமை வரவும்" என்று நாங்கள் போன் அடித்தால் அவர்தான் எடுப்பார், இல்லை எடுக்க மாட்டார். அந்தப் பெண்ணுக்குச் செய்தியே போகாது. கல்யாணமான புதிதில், சொந்தமாக ஒரு போன்கூட இல்லாத பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இருந்திருக்கும், "இனிமே எதுக்கு" என்று தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

இங்கே வயது வந்து சேர்கிறது. 27 வயதில், ரெண்டாவது குழந்தைக்கு வருகிற பெண், "அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன், சோறு வடிச்சு வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். 19 வயதுப் பெண் அப்படிச் சொல்ல மாட்டாள். அவள் இன்னும் அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த அலமாரியில் என்றே பழகிக்கொண்டிருப்பாள். பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும், அவருக்கு அன்றைக்குக் கூலி போகும். இத்தனையும் தனக்காக என்று கேட்க அவளுக்குக் கூச்சம். வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு என்றெல்லாம் வந்தால் கணவரிடம்கூடச் சொல்ல மாட்டாள். எங்கள் முன்னால் உட்கார்ந்தாலும், கேள்வியை அவளிடம் கேட்டால் பதில் பின்னால் நிற்கிற மாமியாரிடமிருந்து வரும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். "எடை பார்க்கணும், நீ மட்டும் உள்ளே வாம்மா" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். எடை பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் உண்மையான வரலாறு கிடைக்கும்.

அப்படி உள்ளே வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஆறு மாதம், ஹெச்.பி. எட்டைத் தொடவில்லை. மாதம் தவறாமல் சத்து மாத்திரை வாங்கிப்போகிறாள். "சாப்பிடறியா?" "சாப்பிடறேங்க." மறுநாள் வீட்டுக்கே போனேன். மாமியார் ஆடு ஓட்டிப் போயிருந்தார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே கைவிட்டு ஒரு மஞ்சப்பையை எடுத்தாள். மூன்று மாதத்து மாத்திரை அட்டைகள், முதல் அட்டையைத் தவிர ஒன்றுகூடப் பிரிக்காமல். முதல் வாரம் சாப்பிட்டிருக்கிறாள். மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, பயந்துபோனாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், ஒன்றும் ஆகாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. அதோடு, "மாத்திரை தின்னா பிள்ளை பெரிசாயி ஆபரேஷன் ஆயிடும்" என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை, சாப்பிடவும் தைரியமில்லை, அதனால் அரிசிக்குள் ஒளித்துவைத்தாள். அப்புறம் ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றி ஹெச்.பி.யைத் தூக்கினோம். மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சை ஜூஸோடு போடச் சொன்னால் குமட்டல் குறையும். டீ, காபியோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் நாற்பது பேர் வரிசையில் நிற்கிற செவ்வாய்க்கிழமையில் கிடைக்காது.

சின்ன வயதில் முதல் கர்ப்பம் என்றால் உடம்புக்கு என்ன ஆபத்து என்று கேட்டீர்கள். ரத்தசோகை ஒன்று. ரெண்டாவது, ரத்த அழுத்தம். கர்ப்பத்தால் வரும் பி.பி.யும் அது முற்றி வருகிற வலிப்பும் தலைப்பிரசவக்காரிகளுக்கு அதிகம், அதிலும் இருபது வயதுக்குள் இருந்தால் இன்னும் அதிகம். குறைமாதத்தில் பிறப்பது, எடை குறைந்து பிறப்பது, பிரசவத்துக்குப் பிறகு கிருமித் தொற்று, இவையும் சேரும். 140/90 என்ற கோட்டைத் தாண்டிவிட்டால் அன்றிலிருந்து அவள் தனிக் கவனிப்பில் இருக்க வேண்டியவள். பி.பி. ஏறியிருப்பது அவளுக்கே தெரியாது, நன்றாகத்தான் நடமாடுவாள். அதனால்தான் மாதா மாதம் கையில் பட்டை சுற்றிப் பார்ப்பது. "நல்லாத்தானே இருக்கா, எதுக்கு ஆஸ்பத்திரி" என்று மாமியார் கேட்டால், இதைச் சொல்லுங்கள். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது அல்லது கண்முன் பூச்சி பறப்பது, முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்று வலி, குழந்தை அசைவு குறைவது, உதிரம் படுவது, பனிக்குடம் உடைவது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணியானாலும் 108.

கால் வீக்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள், அது நிறையப் பேருக்கு வரும். முகம் வீங்கினால்தான் யோசிக்க வேண்டும். "மாசமா இருக்கறவ முகம் பூரிச்சிருக்கு" என்று வளைகாப்பில் எல்லோரும் திருஷ்டி கழித்த பெண் ஒருத்தியை, மறுவாரம் வலிப்போடு மெடிக்கல் காலேஜுக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வளைகாப்புப் போட்டோவில் அந்த வீங்கின முகம் இன்னும் இருக்கும்.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000, பிறகு 18,000 ஆனது. அதில் 14,000 வங்கிக் கணக்கில் தவணையாக வரும், மீதி 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு: பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் என்று. முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். தங்கையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு பழைய ஊரில், பழைய செல்போன் எண்ணோடு இருந்தால் பணம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் அலைவீர்கள், அதை இப்போதே சரிசெய்யுங்கள். கணவர் வேலை செய்யும் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் அவர் மனைவிக்கும் அங்கே வைத்தியம் உண்டு, அதையும் கேட்டுவையுங்கள்.

இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு நெருடல் உண்டு. தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி. காரணம் புரிகிறது, சின்ன வயதில் கட்டிக்கொடுக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து ஊக்கப்படுத்தக் கூடாது. முத்துலட்சுமி அம்மையாரே சென்னை மாகாண சட்டமன்றத்தில், பெண்ணின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று போராடியவர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், சத்துமாவும் நெய்யும் மிகவும் தேவைப்படுகிறவள் அந்த 17, 18 வயதுப் பெண்தான். கல்யாணத்தை முடிவு செய்தது அவளில்லை. தண்டனை மட்டும் அவள் தட்டில் விழுகிறது.

பதினெட்டுக்குக் கீழே என்றால் கதை இன்னும் சிக்கல். உங்கள் தங்கைக்கு இது பொருந்தாது, ஆனால் உங்கள் கேள்வியின் பெரிய பாதி இதில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மலையோர ஊர்களில் 18க்கு முந்தைய கல்யாணம் இன்னும் நடக்கிறது. மாநிலம் முழுக்க எடுத்தால், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18க்கு முன்னால் கல்யாணம் ஆனவர்கள் என்கிறது அதே கணக்கெடுப்பு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் எங்கள் மேல் வழக்கு. கல்யாணமானவள் என்பது விலக்கு இல்லை, 2017ல் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 14 வயதுப் பிள்ளையை 30 வயதுக்காரருக்குக் கட்டிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மாப்பிள்ளையைப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று பயந்து, பெண்ணை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவர மாட்டார்கள். வேறு மாவட்டத்தில் சொந்தக்காரர் வீட்டில் வைப்பார்கள், எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கம் தனியார் கிளினிக்கில் வயதைக் கூட்டிச் சொல்வார்கள். எட்டாம் மாதத்தில் முதல் முறையாக எங்களிடம் வந்த ஒரு பெண், வயது 19 என்றாள். பிரசவத்துக்குச் சேர்க்கும்போது ஆதாரைக் கேட்டோம். அவள் அம்மா, முந்தானையில் முடிந்துவைத்திருந்த ஆதாரை எடுத்துக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். வலியில் இருக்கிற அந்தப் பிள்ளை, "குடுத்துடும்மா" என்றது.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அப்படி ஒரு பெண் இருந்தால் ஒன்று சொல்கிறேன். வயதைக் காரணம் காட்டி எந்த ஆஸ்பத்திரியும் வைத்தியத்தை மறுக்க முடியாது. அவசர சிகிச்சைக்குப் போலீஸ் பேப்பர் முதலில் கொண்டுவா என்று கேட்கவும் சட்டத்தில் இடமில்லை. கருக்கலைப்பு என்று வந்தால், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அவளுடைய பெயர், அடையாளத்தை டாக்டர் போலீசுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வயதை மறைப்பதால் வழக்கு போய்விடாது, பிரசவத்தன்று எப்படியும் வெளியே வரும். நடுவில் போவது அந்தப் பிள்ளையின் பரிசோதனைகள்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணினால் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கேட்டுக்கொண்டு போகலாம்.

சரி, பிரசவ அறைக்கு வருவோம். இதை எழுதாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள். பெண்கள் ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுவதற்கு நாங்களும் ஒரு காரணம். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, "அப்ப தெரியலையா?" என்று கேட்பது, தொடையில் அடிப்பது, பெயர் சொல்லாமல் "ஏ பொண்ணு" என்பது. சின்ன வயதுப் பெண் என்றால் பேச்சு இன்னும் கூடும், "இந்த வயசுல உனக்கு என்ன அவசரம்" என்று. ஊருக்குத் திரும்பிப்போய் அவள் பத்துப் பேரிடம் சொல்கிறாள், அந்தப் பத்துப் பேரில் ரெண்டு பேர் கடன் வாங்கித் தனியாருக்குப் போகிறார்கள். நானும் சத்தம் போட்டிருக்கிறேன். ராத்திரி டியூட்டியில் ரெண்டு பிரசவம் ஒரே நேரத்தில் வந்தால் வாய் தடிக்கும். அது சமாதானம் ஆகாது.

தனியாரில் ஆபரேஷன் அதிகம் என்பது வெறும் பேச்சில்லை. அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம், தனியாரில் 64 சதவீதத்துக்குப் பக்கம். தலைப்பிரசவம் பிறந்த வீட்டுக் கௌரவம் என்று நினைத்து, "கவர்மெண்ட்ல பாத்தா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க" என்று நகையை அடகு வைக்கிற அப்பாக்கள் உண்டு. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால், நீங்கள் கொஞ்சம் தடுத்துப் பாருங்கள். 2011லிருந்து அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போகவர வண்டி எல்லாம் இலவசம் என்பது சட்டியிலிருந்து அள்ளிப் போடுகிற தர்மமில்லை, அவளுக்கு உள்ள உரிமை. பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண் இருக்கலாம் என்பதும் 2004லிருந்தே நம் மாநில அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு. அம்மாவோ, அக்காவோ, பிள்ளை பெற்ற பெண் யாராவது ஒருவர். "வெளியே இருங்க" என்றால், "கூட இருக்கலாம்னு சொன்னாங்களே சிஸ்டர்" என்று மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள். கூட ஆள் இருந்தால் எங்கள் வாயும் அடங்கும், அது நான் கண்கூடாகப் பார்த்தது.

பிரசவம் முடிந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்போதுதான் தாயைப் பார்க்க வேண்டும். தாய் இறப்புகளில் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பிறகு நடப்பவை, அதிலும் முதல் நாள்தான் கண்டம். உதிரப்போக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தால் உடனே சொல்ல வேண்டும், "பச்சை உடம்புக்கு அப்படித்தான்" என்று விடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தால், "பால் கட்டி ஜுரம்" என்று ரெண்டு நாள் பார்ப்பார்கள். பால் கட்டினாலும் ஜுரம் வரும்தான், ஆனால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்தாலும் வரும். வாடை அடிக்கிற உதிரம், அடிவயிற்று வலி சேர்ந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு வைப்பது எங்கள் பக்கம் இன்னும் உண்டு. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் பால் எங்கிருந்து வரும்? பூண்டு, பால்சுறா, கருவாட்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் தாராளமாகக் கொடுக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், தேன் என்று சேனை வைப்பதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள், முதல் வாய் சீம்பாலாக இருக்கட்டும்.

அடுத்த குழந்தை எப்போது என்ற பேச்சும் இந்த நாற்பது நாளில்தான் வர வேண்டும். 19 வயதுப் பெண் மறுவருஷமே இன்னொன்றைச் சுமந்து வருவதைப் பார்ப்பது எங்களுக்கு வேதனை. காப்பர் டி, மூன்று மாத ஊசி, மாத்திரை, ஆணுறை என்று வழிகள் இருக்கின்றன. ஆனால் அவளைக் கேட்காமல், பிரசவ மேஜையிலேயே காப்பர் டியை வைத்துவிட்டு அப்புறம் சொல்வது தப்பு. ஏழு, எட்டாம் மாதத்திலேயே கணவரையும் உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அந்தச் சூடு கடைசியில் தங்கை மேல்தான் விழும். அந்த அம்மா நாலு பெற்றவர், பெற்ற காலத்தில் அவரை யாரும் கூட்டிப்போகவில்லை. அந்த ஆதங்கம் அவர் பேச்சில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அத்தை, உங்களுக்குத்தான் அனுபவம், செவ்வாய்க்கிழமை நீங்களே கூட்டிப்போனால் எங்களுக்கு நிம்மதி" என்று உங்கள் அம்மாவைவிட்டுப் பேசச் சொல்லுங்கள். இந்த வழி எனக்குப் பத்தில் ஏழு முறை பலித்திருக்கிறது. ஒரு தடவை வந்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போன மாமியார், அடுத்த மாதம் தானாகவே வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மாப்பிள்ளைக்கு மாதம் ஒரு நாள் லீவு போட முடிந்தால், ஒன்பதாம் தேதியைப் பாருங்கள், மாதா மாதம் அன்றைக்கு டாக்டர் பார்க்கும் சிறப்பு முகாம் உண்டு.

ஐந்தாம் மாதம் என்பதால் 18 முதல் 20 வாரத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேன் எடுத்தாயிற்றா என்பதை உடனே கேளுங்கள். குழந்தையின் உறுப்புகளைப் பார்ப்பது அதுதான், தள்ளிப்போனால் பயன் குறையும். 24 வாரத்துக்கு மேல் குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரை பார்ப்பது மறுபடி ஒரு தடவை வரும்.

எங்கே பிரசவம் என்பதை ரெண்டு வீட்டாரும் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஓசூரிலிருந்து அரூர் நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒன்பதாம் மாதக் கடைசியில் அந்தப் பயணம் வேண்டாம். அழைத்துவருவதானால் ஏழாம் மாதத்தோடு அழைத்துவந்துவிடுங்கள். வந்த அன்றைக்கு மறுநாளே உங்கள் ஊர் செவிலியரிடம் ஆர்.சி.எச். எண்ணைக் கொடுத்து, "இனிமேல் இங்கேதான்" என்று சொல்லிவிடுங்கள். பி.பி.யோ, ஹெச்.பி.யோ சரியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம், தர்மபுரி மெடிக்கல் காலேஜில் சீமாங் மையம் என்கிற அவசரப் பிரசவ சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, ரத்தமும் ஆபரேஷன் வசதியும் இரவு பகல் உண்டு. நாள் நெருங்கும்போது அங்கேயே முன்கூட்டிச் சேர்த்துவிடலாம்.

அப்புறம், தங்கைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள். பெரிய போன் வேண்டாம், பட்டன் போன் போதும். சீர் வரிசையில் அதையும் ஒன்றாக வைத்துக் கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த எண்ணைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரி மாப்பிள்ளைக்குப் பேசும்போது, அவர் போனிலிருந்தே கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் இல்லாவிட்டால் பரவாயில்லை. எடை, பி.பி., ஹெச்.பி. எழுதியிருக்கிற பக்கம் முதலில் வரட்டும். அந்த எண்களை இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.